சார்ஜ் நிற்காத போனுடன் வாழ்வது எப்படி? தருமபுரி மாவட்டத்தாருக்கு மட்டும்

போன் பேட்டரியைக் காப்பாற்றுவது பற்றி உலகத்தில் வந்த யோசனைகள் எல்லாம் பெங்களூரில் உட்கார்ந்து எழுதப்பட்டவை என்று எனக்கு ஒரு சந்தேகம். ஏ.சி. அறை, நாற்காலிக்கு நாற்காலி பிளக் பாயின்ட், ஜன்னலைத் திறந்தால் டவர். அந்த இடத்தில் இருந்துகொண்டு “புளூடூத்தை அணைத்து வையுங்கள்” என்று சொல்ல யாருக்கும் முடியும். அதே போனை எடுத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் தெற்கே வந்து, தருமபுரியில் இறங்கி, பென்னாகரம் பஸ் பிடித்து, அதற்கு மேலும் ஒரு ஷேர் ஆட்டோ ஏறிப் பாருங்கள். புளூடூத்தெல்லாம் ஒரு பிரச்சினையா என்று தோன்றும்.

ஆகவே இது உள்ளூர் வழிகாட்டி. அதியமான், நெல்லிக்கனி, நீண்ட ஆயுள் என்றெல்லாம் ஆரம்பிக்க மாட்டேன். இந்த மாவட்டத்தைப் பற்றி எழுதிய எல்லோரும் அந்த மரத்தை உலுக்கி முடித்துவிட்டார்கள்.

முதலில் நோய் என்னவென்று தெரிய வேண்டும். 34 சதவீதம் இருக்கிறது என்று போனைச் சட்டைப் பையில் போடுகிறீர்கள். பஸ் அதியமான்கோட்டையைத் தாண்டுவதற்குள் எடுத்துப் பார்த்தால் திரை கறுப்பு. 33, 32 என்று படிப்படியாக இறங்கும் மரியாதைகூட இல்லை. வீட்டுக்குப் போய்ச் சார்ஜரில் செருகியதும் அதே போன் கூச்சமே இல்லாமல் “30 சதவீதம்” என்கிறது. பேய் பிசாசு ஒன்றும் இல்லை, வயதுதான். பேட்டரி பழசாகப் பழசாக அதன் உள்தடை கூடுகிறது. நீங்கள் கேமராவைத் திறந்ததும் போன் திடீரென்று கூடுதல் மின்சாரம் கேட்கும்; கிழட்டு பேட்டரியால் கொடுக்க முடியாது; வோல்டேஜ் சரியும்; போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். மிச்ச மின்சாரம் உள்ளேதான் இருக்கிறது. அவசரத்துக்குக் கேட்டால் மட்டும் வராது.

விலை கூடிய போன் வாங்கினால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பழைய ஐபோன்கள் இப்படிப் பொசுக்கென்று அணைவதைத் தடுக்க அவற்றின் வேகத்தைத் தானே குறைத்துவிட்டதாக ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. மன்னிப்பும் கேட்டது. அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 2018-இல் 29 டாலராகக் குறைத்தது. நம்மூர் சர்வீஸ் கடை அண்ணன் மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டார். ஆனால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலையை முடித்துவிடுவார்.

இந்த லித்தியம் அயனி பேட்டரிக்காகக் குட்இனஃப், விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. குட்இனஃபுக்கு அப்போது 97 வயது. நோபல் வாங்கியவர்களிலேயே மூத்தவர். பிறகு நூறு வயதைத் தொட்டுத்தான் மறைந்தார். அவர் வேலை செய்த பொருளுக்கு அந்த ஆயுள் வாய்க்கவில்லை. ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறும்போதும் கொஞ்சம் லித்தியம் உள்ளே படலமாக ஒட்டிக்கொண்டு, இனி வேலைக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிடுகிறது. ஏறக்குறைய ஐநூறு முழுச் சுற்று ஓடியபின் பழைய கொள்ளளவில் 80 சதவீதம் நிற்பது பல போன்களுக்கு வழக்கம். தினம் ஒரு முழு சார்ஜ் என்றால் ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. போனுக்கு எத்தனை மாதத் தவணை கட்டுகிறீர்கள் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டைத் தூக்கி டவருக்குப் பக்கத்தில் வையுங்கள்

இதுதான் இருப்பதிலேயே பலன் தரும் யோசனை. யாரும் சொல்லாததற்குக் காரணம், யாராலும் செய்ய முடியாது என்பதுதான்.

டவர் பக்கத்தில் இருந்தால் போன் மெதுவாகப் பேசினால் போதும். தூரம் கூடினால், நடுவில் மலை வந்தால், அது முழு பலத்தோடு அலையை அனுப்ப வேண்டியிருக்கிறது. பழைய 2ஜி போன்கள் உச்சத்தில் 2 வாட் வரை அனுப்பும். 4ஜி போன் உச்சத்தில் 0.2 வாட்தான் என்றாலும், அந்த 0.2-ஐக் காற்றில் ஏற்றுவதற்குப் பேட்டரியிலிருந்து அதைப்போலப் பல மடங்கு உறிஞ்சுகிறது. சிக்னலே இல்லாத இடத்தில் கதை இன்னும் மோசம். டவர் இருக்கிறதா, இருக்கிறதா என்று தேடித் தேடியே போன் களைத்துப்போகும். நீங்கள் தொடவே இல்லை. சட்டைப் பையிலேயே வெந்துகொண்டிருக்கும்.

சித்தேரி, வத்தல்மலை, பென்னாகரத்தைச் சுற்றிய காட்டு ஊர்கள் ஆகிய இடங்களில் மலை மடிப்புக்கு மடிப்பு சிக்னல் வரும், போகும். சிக்னல் கிடைக்கும் பாறை எது, மேட்டுநிலம் எது, தண்ணீர் டேங்க் படிக்கட்டில் எத்தனையாவது படி என்பதெல்லாம் மலையூர்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். 2020-இல் ஆன்லைன் வகுப்பு வந்தபோது தமிழ்நாட்டின் மலைக் கிராமங்களில் மாணவர்கள் மரத்திலும் பாறையிலும் ஏறிப் பாடம் படித்தார்கள். ஏறியவர்களின் கால் வலி தெரிந்த அளவுக்கு அவர்கள் பேட்டரியின் வலி யாருக்கும் தெரியவில்லை. பாடம் முடிவதற்குள் அதுதான் முதலில் முடிந்தது.

இதற்கு மருந்து உண்டு. பெயர் ஃபிளைட் மோட். தருமபுரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. பக்கத்தில் இருப்பது ஓமலூருக்கு அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம். அதனால் என்ன? விமானத்தையே பார்க்காதவருக்குத்தான் இந்தப் பொத்தான் மிகவும் அவசியம். காட்டு வழியில் நடக்கும்போது, மாடு மேய்க்கும்போது, சிக்னல் இல்லாத பள்ளத்தில் களை எடுக்கும்போது அதைத் தட்டிவிடுங்கள். போன் தேடுவதை நிறுத்தும். மேட்டுக்கு வந்ததும் திரும்பத் தட்டி, வந்த மிஸ்டு கால்களுக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

ஒகேனக்கல் போகிறவர்களுக்குத் தனிக் குறிப்பு. இரண்டு மாநிலத்துக்கும் தகராறு தண்ணீரில் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். காவிரிக்கு அந்தக் கரை கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டம். பரிசலில் உட்கார்ந்ததும் உங்கள் போன் ஒரு நிமிடம் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், மறு நிமிடம் கர்நாடக டவரைப் பிடிக்கும். “கர்நாடகத்துக்கு நல்வரவு” என்று செய்தி வரும். எண்ணெய் மசாஜ் முடித்து, குளித்து, மீன் வறுவல் தின்று முடிப்பதற்குள் இந்தத் தாவலிலேயே பேட்டரி பாதி காலி. செட்டிங்ஸில் நெட்வொர்க்கை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மேனுவலுக்கு மாற்றிவிட்டால் கட்சி தாவல் நிற்கும். ஊர் திரும்பியதும் மறக்காமல் பழையபடி வைக்கவும்.

அலுவலகத்தில் “உடம்பு சரியில்லை” என்று சொல்லிவிட்டு ஒகேனக்கல் வந்தவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். சில சமயம் உங்களை அழைப்பவருக்கு “தொடர்பு எல்லைக்கு வெளியே” என்ற செய்தி கன்னடத்தில் கேட்கும். அதற்குப் பிறகு எந்தக் காய்ச்சலும் எடுபடாது.

பொய் சொல்லும் முறை

சார்ஜ் நிற்காத போனால் ஒரு பெரிய வசதி உண்டு. எந்தக் கையேடும் அதைச் சொல்வதில்லை. “போன் சுவிட்ச் ஆஃப் ஆயிடுச்சுங்ணா” என்ற ஒரு வாக்கியத்துக்கு இந்த உலகத்தில் யாரும் சாட்சி கேட்பதில்லை. சீட்டுப் பணம் கட்ட வேண்டிய தேதியிலும், மாமனார் வீட்டு விசேஷத்துக்கு முதல் நாளும் இது கைகொடுக்கும். மூன்று எச்சரிக்கைகள். பொய் சொல்வதற்கு முன் டேட்டாவை அணைக்கவும். வாட்ஸப்பில் இரண்டு டிக் விழுந்தால் மாட்டினீர்கள். ‘கடைசியாகப் பார்த்தது’ நேரத்தை மறைத்து வைக்கவும். மூன்றாவது, அன்றைக்கு ஸ்டேட்டஸ் போடாதீர்கள். இந்த மூன்றாவதில்தான் முக்கால்வாசிப் பேர் தோற்கிறார்கள்.

வெயில்

பேட்டரிக்கு மனிதனைப் போலவே மிதமான சூடுதான் பிடிக்கும். 35 டிகிரிக்கு மேல் இருக்கும் இடத்தில் போனைப் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் காரிமங்கலம் சந்தையில் நின்றுகொண்டு அதைப் படித்தால் சிரிப்பு வரும். பைக் ஹேண்டிலில் போன் ஸ்டாண்ட், அதில் மேப், மேப்புக்கு முழு வெளிச்சம், நேர் மேலே வெயில், கீழே இன்ஜின் சூடு, கூடவே பைக்கிலிருந்தே சார்ஜ். பேட்டரியைக் கொல்ல இதைவிட நல்ல ஏற்பாடு ஆய்வுக்கூடத்தில்கூடச் செய்ய முடியாது. வழி தெரியாவிட்டால் நிறுத்திக் கேளுங்கள். தருமபுரிக்காரர்கள் வழி சொல்வதில் தாராளம். சில சமயம் கூடவே வண்டியில் ஏறிக்கொள்வார்கள்.

சூடேறிய போனை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், அரிசிக்குக் கேடு. உறையைக் கழற்றி நிழலில் வைத்தால் தானே ஆறும். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். இது வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

பிறர் மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றும் நாகரிகம்

அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டில் அடுப்புக்கு நெருப்பு வாங்கினார்களே, அதே உறவுதான் இது. முகம் பார்த்துக் கேட்க வேண்டும். டீக்கடைக்குள் நுழைந்ததும் பிளக்கைத் தேடாதீர்கள். முதலில் டீ சொல்லுங்கள். பாதி டீ உள்ளே போனபின் கேட்கலாம்.

“அக்கா, கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கட்டுமா?”

“எந்த பின்னுப்பா?”

“சி பின்னுக்கா.”

“சி பின்ன எம் பையன் எடுத்துக்கினு போய்ட்டான். சின்ன பின்னுதான் இருக்குது.”

இந்த உரையாடலை ஒழிக்கத்தான் ஐரோப்பிய யூனியன் 2024 டிசம்பர் 28 முதல் அங்கே புதிதாக விற்கும் போன்களுக்கெல்லாம் சி பின்தான் என்று சட்டம் போட்டது. தனி வழியில் போய்க்கொண்டிருந்த ஐபோனும் 2023-இல் அதற்கு இறங்கி வந்தது. சட்டம் பிரஸ்ஸல்ஸிலிருந்து கிளம்பிவிட்டது. பாப்பிரெட்டிப்பட்டி டீக்கடை டிராயருக்குள் இருக்கும் பழைய ஒயர்கள் ஓயும்வரை பொறுமை வேண்டும். அதுவரை ஒயரைக் கையோடு கொண்டு போங்கள். கடையில் இருப்பது ஒரே பிளக், அதிலும் ஃப்ரிட்ஜ் ஓடுகிறது என்றால், அதைப் பிடுங்கிவிட்டுச் செருக நினைக்காதீர்கள். அப்படிச் செய்தவர்கள் மறுபடி அந்தக் கடையில் டீ குடித்ததாகத் தகவல் இல்லை.

“உன் போனாலதான் கரண்ட் பில்லு ஏறுது” என்று யாராவது சொன்னால் கணக்குக் காட்டுங்கள். 5000 மில்லியாம்பியர்-மணி பேட்டரி முழுதாக நிறைய ஏறக்குறைய 19 வாட்-மணி வேண்டும். சார்ஜர் சூட்டில் வீணாவதையும் சேர்த்து 25 என்று தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட்டில் நாற்பது முறை நிரப்பலாம். இரண்டு மாதமும் தினம் தவறாமல் ஏற்றினால் ஒன்றரை யூனிட். 2016 மே மாதத்திலிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். பில் ஏறியதற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. பெரும்பாலும் அது குளிர்ந்துகொண்டிருக்கும்.

வோல்டேஜ் கம்மி என்று பயந்து மோட்டார் கொட்டாயில் சார்ஜ் போடாமல் இருப்பவர்களும் உண்டு. டியூப் லைட் கண் சிமிட்டினாலும் உங்கள் சார்ஜருக்குக் கவலை இல்லை. அதன் முதுகில் பொடி எழுத்தில் 100–240 வோல்ட் என்று போட்டிருப்பார்கள். அந்த வரம்புக்குள் எது வந்தாலும் அது சமாளிக்கும். மும்முனை மின்சாரத்துக்காகக் காத்திருக்க வேண்டியது மோட்டார் மட்டுமே.

பழைய போன் தாத்தாக்களுக்கு ஒரு பதில்

“நோக்கியா 1100 வச்சிருந்தேன், ஒரு வாரம் சார்ஜே போட மாட்டேன்” என்று ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் சொல்வார். உண்மைதான். 2003-இல் வந்த அந்த டார்ச் போனில் இருந்தது 850 மில்லியாம்பியர்-மணி பேட்டரி. இன்றைய போனில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு. அது வாரக் கணக்கில் நின்றதற்குக் காரணம், அதனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பேசினார்கள், பாம்பு விளையாடினார்கள், மின்வெட்டில் டார்ச் அடித்தார்கள். அந்த நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014-இல் மூடிவிட்டது. அந்த 1100-இன் பிஎல்-5சி பேட்டரியைப் போட்டு ஓடும் சின்ன ரேடியோக்கள் இன்னமும் சந்தையில் பாடிக்கொண்டிருக்கின்றன.

இப்போதைய போனிடம் என்னவெல்லாம் கேட்கிறோம்? காஸ் பதிவு, பேங்க் ஓ.டி.பி., ரயில் டிக்கெட், பாலக்கோட்டில் தக்காளி விற்ற பணம், பிள்ளையின் வீட்டுப்பாடம், ஆதாருக்காக வரும் குறுஞ்செய்தி. பேட்டரி சிறுத்துவிடவில்லை, பாரம்தான் ஏறிவிட்டது. அந்தப் பாரத்தை ஏற்றியவர்கள் யாரும் சார்ஜர் கொடுத்து அனுப்பவில்லை.

சொல்லப்போனால் நூறு நாள் வேலைதான் இதற்கு நல்ல உதாரணம். 2023 ஜனவரி 1 முதல் பணித்தளங்களில் வருகைப் பதிவைச் செயலியில்தான் செய்ய வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. காலையில் ஒரு படம், மத்தியானத்துக்குமேல் ஒரு படம், இரண்டிலும் இடக்குறிப்பு. எடுப்பது பணித்தளப் பொறுப்பாளர், அதாவது மேட் அக்கா. போன் அவருடையது. ஏரிக்கரையில் டவர் எட்டாது, பிளக் பாயின்ட் கிடையாது, நிழலும் சொற்பம். மேலே சொன்ன மூன்று கொலைகாரர்களும் ஒரே இடத்தில். அந்த ஒரு பேட்டரி மத்தியானம் வரை உயிரோடு இருந்தால்தான் அன்றைக்கு மண் வெட்டிய அத்தனை பேருக்கும் முழு நாள் வருகை. இங்கே என் யோசனை: மேட் அக்கா போனில் யாரும் பாட்டுக் கேட்கக் கூடாது. “ஒரே ஒரு போன் பண்ணிட்டுத் தரேன்க்கா” என்று யாரும் வாங்கக் கூடாது. அக்காவின் பையன் முந்தின ராத்திரி அதில் கேம் ஆடக் கூடாது. ஆடினால் ஊரே சேர்ந்து அவனை ஏரிக்கு அழைத்துப் போகலாம். செயலியைக் கட்டாயமாக்கிய கையோடு ஒரு பவர் பேங்கையும் கட்டாயமாக்கியிருந்தால் இந்த விதிகளெல்லாம் தேவைப்பட்டிருக்காது.

அரசாங்கத்துக்கு இது தெரியாத விஷயமும் அல்ல. பென்னாகரம் பகுதியில் கோட்டூர் மலைக்கு 2021 சட்டமன்றத் தேர்தலில் வாக்கு எந்திரங்கள் கழுதை மேல் ஏறிப் போயின. அந்த எந்திரம் கரண்டை நம்புவதில்லை. தனக்கென்று ஒரு பேட்டரியோடுதான் கிளம்புகிறது. ஓட்டு வாங்க வரும்போது சார்ஜோடு வருகிறார்கள். கூலி கொடுக்கும்போது நம் சார்ஜைக் கேட்கிறார்கள்.

கடைக்குப் போகும்போது

பேட்டரி மாற்ற நேர்ந்தால் கடைக்காரர் “ஒரிஜினல் இருக்குது, ஒரிஜினல் மாதிரியும் இருக்குது” என்பார். இரண்டாவதைக் கையில் எடுத்துப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் போன் பேட்டரியில் பி.ஐ.எஸ். முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இல்லாதது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். இருக்கும் பேட்டரி உப்பி, போனின் முதுகு பிளந்துகொண்டு வந்தால் அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், “இன்னும் ஒரு மாசம் ஓட்டிடலாம்” என்று ரப்பர் பேண்ட் போடாதீர்கள். 2016-இல் சாம்சங் நோட் 7 தீப்பிடித்தபோது அவ்வளவு பெரிய நிறுவனமே உலகம் முழுக்க விற்றதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அந்த மாடலையே மூடியது. நம்மிடம் அப்படித் திரும்ப வாங்க ஆள் இல்லை.

மற்ற யோசனைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். திரை வெளிச்சத்தைக் குறைப்பதுதான் நிஜமாகவே மிச்சப்படுத்தும். ‘பேட்டரி சேவர்’ என்று இறக்கிக்கொள்ளும் செயலிகள் பேட்டரியைத் தின்பவை. ஓடும் செயலிகளை விரலால் தள்ளித் தள்ளி மூடுவதால் பயன் இல்லை என்று ஆப்பிள், கூகுள் இரண்டின் பெரிய அதிகாரிகளும் 2016-லேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பஸ்ஸில் எல்லோரும் தள்ளிக்கொண்டேதான் இருக்கிறோம், ஏதோ வேலை செய்த திருப்தி. ராத்திரி முழுக்கச் சார்ஜில் விடாமல் 80-இல் எடுத்தால் பேட்டரி நாள்பட உழைக்கும். குடும்ப வாட்ஸப் குழுவில் தினம் காலை பூங்கொத்து வீடியோ அனுப்பும் சித்தப்பாவை மியூட்டில் வைக்கலாம். வெளியேற வேண்டாம், அவருக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. தொப்பூர் கணவாயில் லாரிகள் மோதிக்கொள்ளும் செய்தி அடிக்கடி வருகிறது. பைக்கில் தினம் அந்த வழியாகவோ, அரூர் காட்டு ரோட்டிலோ போகிறவர்கள் பத்து சதவீதத்துக்குக் கீழே போனதும் ரீல்ஸை நிறுத்திப் போனை அப்படியே வைத்துவிடுங்கள். அந்தப் பத்து உங்களுடையது அல்ல, 108-க்கு உரியது. வீட்டு எண் இரண்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஓட்டுநர் உரிமத்தோடு சேர்த்து வையுங்கள். போன் அணைந்திருந்தாலும் உங்களைத் தூக்குகிறவர் அதைப் படித்துக்கொள்வார்.